ஆறப் பொறுக்க வேண்டும்!

நடுத்தெருவில் ஒரு கார் நின்றுவிட்டால் போதும். எங்கிருந்துதான் வருவார்களோ, நாலு ஆண்பிள்ளைகள் வந்து பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். ஓட்டி வந்தது ஒரு பெண் என்றால் நாலு பேர் எட்டுப் பேராகிவிடுவார்கள். ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். அவற்றில் முக்கால்வாசி, செய்தாலும் பாதகமில்லை, செய்யாவிட்டாலும் பாதகமில்லை என்ற ரகம். ஆனால் ஒரே ஒரு வைத்தியம் மகா ஆபத்தானது. "ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரை ஊத்துங்க!" என்பதுதான் அது.

2023-ம் வருஷம், அக்கினி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். நாத்தனார் பெண்ணின் கல்யாணத்துக்குக் காஞ்சீபுரத்தில் கூறைப் புடவை எடுத்துக்கொண்டு சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஓட்டியது நான். பக்கத்தில், புடவைப் பெட்டியை மடியிலிருந்து இறக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தவர் அத்தை, அதாவது என் மாமியார். பின்னால் என் நாலு வயதுப் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான்.

ஸ்ரீபெரும்புதூர் வந்தது, பூந்தமல்லி வந்தது. காரில் ஒரு குறையும் இல்லை. உஷ்ணத்தைக் காட்டும் முள் நடுவில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. போரூர் தாண்டி ஆற்காடு சாலையில் நுழைந்தோமோ இல்லையோ, வந்தது வினை! மெட்ரோ ரயில் வேலைக்காகச் சாலையை அடைத்து வைத்திருந்த சமயம் அது. வண்டிகள் நகரவே இல்லை. ஐந்து நிமிஷத்துக்கெல்லாம் ஏ.சி. காற்றில் குளிர்ச்சி குறைந்தது. முள் மெல்ல மெல்லச் சிவப்புக் கோட்டைப் பார்த்து நகர்ந்தது.

ஏ.சி.யை அணைத்தேன். ஜன்னல்களை இறக்கினேன். பிறகு ஹீட்டரை முழு வேகத்தில் திருப்பி வைத்தேன்.

"பைத்தியமாடி உனக்கு? கத்திரி வெயிலில் ஹீட்டரா!" என்று அலறினார் அத்தை.

நியாயமான கேள்விதான். இஞ்சினைச் சுற்றி வரும் அதே சுடுதண்ணீர்தான் ஹீட்டருக்குள்ளும் ஓடுகிறது. அந்தச் சூட்டில் கொஞ்சத்தை நாம் வாங்கிக்கொண்டால், இஞ்சினுக்கு அவ்வளவு பாரம் குறையும். எங்களுக்கு வியர்த்துக் கொட்டியது வாஸ்தவம். ஆனால் ஓரங்கட்டுவதற்கு வேண்டிய இரண்டு நிமிஷம் கிடைத்தது. ஒரு டீக்கடை எதிரில் நிறுத்தி, இஞ்சினை அணைத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிழலில் போய் நின்றோம்.

அதற்குள் கடையிலிருந்து ஒரு பையன் ஓடி வந்தான். நல்ல பையன், பிறருக்கு ஒரு கஷ்டம் என்றால் சும்மா இருக்க முடியாத சுபாவம். ஒரு கையில் தண்ணீர் பாட்டில், மறு கையில் ஈரத்துணி. "தள்ளிக்குங்க அக்கா, மூடியைத் திறந்து ரெண்டு பாட்டில் ஊத்துனா சரியாயிடும்."

"வேண்டாம் தம்பி, உள்ளே பிரஷர் இருக்கிறது."

"நான் எத்தனை வண்டி பார்த்திருக்கேன் அக்கா!" என்றான். துணி மூடியின் மேல் போய்விட்டது.

இத்தனை நேரம் ஹீட்டர் கோபத்தில் இருந்த அத்தை, "ஏம்ப்பா, உங்கம்மா வெயிட் அடங்காத குக்கரைத் திறப்பாளா?" என்று ஒரு அதட்டல் போட்டார். பையன் கையை எடுத்துவிட்டான்.

எந்த மெக்கானிக்கும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது. குக்கரும் ரேடியேட்டரும் ஒரே சூத்திரத்தில் வேலை செய்கிறவை. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். வெயிட் போட்டு ஆவியை அடக்கினால், சுமார் 120 டிகிரி வரை கொதிக்காமலே சூடேறும். ரேடியேட்டரின் மூடியும் ஏறக்குறைய அதே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. மூடியைத் திருகினால் அழுத்தம் போய்விடும். அந்த க்ஷணமே உள்ளே இருப்பது பொங்கி, ஆவியும் கொதிநீருமாக முகத்தில் அடிக்கும். ஈரத்துணி எதைத் தடுக்கும்?

என் பெரியப்பாவின் வலது கையில், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, தோல் சுருங்கி வெளுத்திருக்கும். ஏற்காடு மலைப்பாதையில் வாடகைக் கார் ஒன்று கொதித்து நின்றபோது, டிரைவருக்கு ஒத்தாசை செய்யப் போய் வாங்கிக்கொண்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டதால் கண் தப்பியது. சின்ன வயதில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் நான்.

அரைமணிக்கு மேல் காத்திருந்தோம். ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுக்க வேண்டாமா? பிறகு வண்டியைக் கட்டி இழுக்கும் லாரி வந்தது.

இனி ரிப்பேர் கதை. முதலில் போன பெரிய ஒர்க்‌ஷாப்பில் காரைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. ரேடியேட்டர், தண்ணீர் பம்ப், தெர்மோஸ்டாட் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று 22,000 ரூபாய்க்கு ஒரு ஜாபிதா நீட்டினார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று கும்பிடு போட்டுவிட்டு, எங்கள் பேட்டையிலேயே சந்துக்குள் கொட்டகை போட்டிருக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஓடறப்போ சூடாகுதாம்மா, நிக்கறப்போ சூடாகுதா?"

"நிற்கிறபோதுதான்."

"அப்போ விசிறியைப் பார்ப்போம்."

விஷயம் இவ்வளவுதான். கார் ஓடும்போது எதிர்காற்று ரேடியேட்டரில் வீசி அதை ஆற்றிவிடுகிறது. நின்றுவிட்டால் காற்று ஏது? அப்போது வீசுவதற்கென்றே பின்னால் ஒரு விசிறி வைத்திருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் அது செத்துக் கிடந்தாலும் தெரியாது. நெரிசலில்தான் குட்டு வெளிப்படும். ஏ.சி. குளிராமல் போனதும் அதனால்தான். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏ.சி. கண்டென்சருக்கும் அந்த விசிறிதான் கதி.

அம்பாஸடர் காலத்தில் விசிறியை இஞ்சினே பெல்ட் போட்டுச் சுற்றியது. பெல்ட் அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். 1983-ல் மாருதி 800 வந்த பிறகு, இஞ்சினைக் குறுக்கே படுக்க வைத்த சின்னக் கார்கள் வீட்டுக்கு வீடு வந்தன. அவற்றில் விசிறிக்குத் தனி மின்சார மோட்டார். தண்ணீர் சுமார் 95 டிகிரியைத் தொட்டதும் சென்சார் சொல்லும், ரிலே மின்சாரத்தைத் திறந்துவிடும், விசிறி சுற்றும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி விட்டுப் போனாலும் விசிறி நிற்கும்.

பெரியவர் கண்ணி கண்ணியாகத்தான் பார்த்தார். இஞ்சின் நன்றாக ஆறியிருந்தபோது ஓடவிட்டு ஏ.சி.யைப் போடச் சொன்னார். பல கார்களில் ஏ.சி. போட்டால் விசிறியும் கூடவே சுற்ற வேண்டும். சுற்றவில்லை. ஃப்யூஸைப் பார்த்தார், முழுசாக இருந்தது. ஹாரனுக்கு இருந்த ரிலேயும் அதே ஜாதி. அதை எடுத்து விசிறிக்குப் போட்டார். ஊஹும்! கடைசியில் பாட்டரியிலிருந்து இரண்டு ஒயரை நேராக மோட்டாருக்குக் கொடுத்தார். சத்தமே இல்லை. அப்புறம் ஒரு நீளக் குச்சியால் இறக்கையை லேசாகத் தள்ளினார். முனகிக்கொண்டே சுற்ற ஆரம்பித்தது!

"கார்பன் பிரஷ் தேஞ்சு போச்சு" என்றார். தள்ளிவிட்டால்தான் சுற்றும் பழைய மேஜை விசிறி சில வீடுகளில் இருக்குமே, பார்ப்பதற்கு அதே லட்சணந்தான். புது மோட்டாருக்கும் கூலிக்குமாக 3,400 ரூபாய் ஆயிற்று. இஞ்சின் ஆயில் பால் விட்ட காப்பி போல் மாறியிருக்கிறதா என்றும் அவர் பார்த்துச் சொன்னார், மாறவில்லை. சிவப்பில் முள் நிற்கும்போதே, "வீடு இன்னும் ஒரு மைல்தானே" என்று ஓட்டியிருந்தால் இஞ்சினின் தலைப்பாகம் கோணி, கேஸ்கட் போய், செலவு எங்கேயோ போயிருக்கும்.

காலையில் காரை எடுக்குமுன், பிளாஸ்டிக் தொட்டியில் கூலண்ட் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கூலண்ட் பனி தேசத்துச் சமாசாரம், நமக்குக் குழாய்த் தண்ணீர் போதும் என்பார்கள். கேட்காதீர்கள், துருப்பிடிக்காமல் காப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும் அதுதான். பானெட்டைத் திறந்தால் முந்தானையைச் செருகிக்கொண்டு, பின்னலை முதுகுப் பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். மின்சார விசிறி இஞ்சின் நின்ற பிறகும் திடீரென்று சுற்றும்.

எதிர் வீட்டு மாமி போன வாரம், "வண்டியை அணைச்சு சாவியை எடுத்த அப்புறமும் ஒரு நிமிஷம் விர்ருனு சத்தம் வரதே, ரிப்பேரா?" என்று கவலையோடு கேட்டார். "இல்லை மாமி, உங்கள் விசிறி உயிரோடு இருக்கிறது" என்றேன்.