சல்லி கேட்க வெட்கப்படுற லோயர்

கெம்பஸ் லீவு விட்டால் நாங்கள் ரெண்டு பேரும் ஒலுவிலில் இருந்து நேரே போய் நிற்பது கல்முனையில் காக்காட ஒபிஸில்தான். காக்கா எங்கட சாச்சாட மகன். சட்டத்தரணி, நொத்தாரிசும். கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். டைப் அடிப்போம், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுவோம்.

போன வருடம் காக்கா அந்த ஒபிஸை மூடிவிட்டு கட்டாருக்குப் போகும் யோசனையில் இருந்தார். வழக்கு இல்லாமல் இல்லை. காலையிலேயே வாசலில் ஆள் நிற்கும். ஆனால் வாடகைக்கு மதினிட காப்புகள் அடகுக்குப் போயிருந்தன.

கொழும்புச் சட்டக் கல்லூரி 1874இல் தொடங்கியது. சாட்சியச் சட்டம் அங்கே படிக்கலாம். மாமிட முகத்தைப் பார்த்து “பீஸ் இவ்வளவு” என்று சொல்வதை எங்கே படிப்பது? பக்கத்து ஒபிஸ் எக்கவுண்டன் கதை இன்னும் பகிடி. மூன்று வருடப் பயிற்சி முடித்த பட்டயக் கணக்காளர், ஊர்க் கடைக் கணக்கில் ஒரு சதம் பிசகாது. தனக்கு யார் எவ்வளவு தர வேண்டும் என்பது மட்டும் தெரியாது.

காக்காவுக்குத் தெரிந்த, ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர் ஒருவர் ரெண்டு கிழமைக்கு ஒருக்கா வந்து இருந்தார். சட்டம் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கேள்வி மட்டும்தான். “எத்தனை பைல் இருக்கு? எத்தனைக்குச் சல்லி வந்திருக்கு?” காக்கா எங்களைப் பார்த்தார். இறாக்கை முழுவதையும் இறக்கி எண்ணினோம். 63 பைல். பீஸ் எவ்வளவு என்று எழுதியிருந்தது 22இல்தான்.

இதற்குத்தான் பிசினஸ் கோச்சிங் என்று பெயர். ஹோட்டலில் மைக் பிடித்து ‘கோடீஸ்வரன் ஆகலாம்’ என்பவர்களும் இதே பெயரில்தான் வருகிறார்கள், அதனால் எங்களுக்கு முதலில் எரிச்சல். ஆனால் அமெரிக்கரான மைக்கேல் கேர்பர் 1986இல் ‘ஈ-மித்’ என்ற புத்தகத்தில் சொன்னது காக்காவுக்கு அப்படியே பொருந்தும். ஒரு வேலை தெரிந்தவருக்கு அந்த வேலையை வைத்துத் தொழில் நடத்தவும் தெரியும் என்று நினைப்பதுதான் பிழையாம்.

பிறகு ஒரு தாள் வந்தது: என்ன வேலை, எவ்வளவு பீஸ், எத்தனை தவணை. உறுதிகளின் இரண்டாம் பிரதி அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்குப் போக வேண்டும். அந்தத் திகதியும் சுவரில் ஏறியது.

முதல் சோதனை மாமிதான். “எனக்கிட்டயுமா பேப்பர், மனே?” காக்காட முகம் சிவந்து போனது. ஆனாலும் தாளைத் திருப்பி வாங்கவில்லை. நாங்கள் வாசித்துக் காட்டினோம், மாமி ரெண்டு தவணைக்கு ஒப்பம் வைத்தார்.

ஏழைகளை விட்டுவிடுவாரோ என்று நாங்கள் பயந்தோம். நடந்தது வேறு. முன்பு யாருக்கு இலவசம் என்பதைக் காக்காட கூச்சம்தான் தீர்மானித்தது. வசதியுள்ள சொந்தக்காரர்கள்தான் அதில் தப்பினார்கள். இப்போது மாதம் மூன்று வழக்கு இலவசம், அதையும் அவரே பார்த்துத் தெரிகிறார்.

கட்டார்க் கதை இப்போது இல்லை. மதினிட காப்பில் ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டது. மற்றது இன்னும் அடகில்தான் இருக்கிறது.