காளானுக்கு ஊர்ப்பெயர் போதாது

ஜூலை 6

காட்டுக் காளான் ஒன்றைக் கண்ட இடத்தைக் குறிக்கும்போது 'சித்தூர் மாவட்டம்' என்று எழுதினால் போதுமா? போதாது என்பதற்கு அந்த மாவட்டத்தின் வரலாறே சாட்சி. திருமலை அடங்கிய பகுதி 1911 வரை வட ஆற்காட்டில் இருந்தது. அந்த ஆண்டுதான் சித்தூர் தனி மாவட்டமானது. 1953இல் சென்னை மாநிலத்தை விட்டு ஆந்திரத்தோடு போனது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனியே பிரிந்தது. ஹார்ஸ்லி மலை அன்னமய்ய மாவட்டத்தில் சேர்ந்தது. பழைய சீட்டில் 'சித்தூர்' என்று மட்டும் இருந்தால், இன்று அதைக் கையில் வைத்திருக்கும் ஆய்வாளர் எந்த மலையில் ஏறித் தேடுவார்? அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்டத்திலிருந்து உயரம், தேதி, பக்கத்தில் நிற்கும் மரம், காளான் முளைத்தது மண்ணிலா மட்கிய கட்டையிலா என்ற விவரம் எல்லாம் சேர்ந்தால்தான் அது பதிவு.

ஜூலை 9

சில நாளில் அழுகிப்போகும் பொருளுக்கு எதற்கு இத்தனை துல்லியம் என்று கேட்கலாம். அழுகுவது குடை மட்டும்தான். உயிர் மண்ணுக்குள் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் 1979இல் அறிவியலுக்கு விவரித்த டெர்மிடோமைசிஸ் ஹெய்மி என்ற புற்றுக்காளானையே எடுத்துக்கொள்வோம். கறையான்கள் புற்றுக்குள் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டத்திலிருந்து வேர்போல நீண்ட தண்டு மேலேறி, மழைக்குப் பின் தரைக்கு மேல் குடை விரிக்கிறது. தரைமட்டத்தில் கிள்ளி எடுத்தால் அந்த வேர்த்தண்டு மண்ணிலேயே தங்கிவிடும். அடையாளம் காண உதவும் முக்கியமான உறுப்பு போய்விடும். குடையை வெள்ளைத்தாளில் கவிழ்த்து ஓர் இரவு மூடி வைத்தால் படியும் இளஞ்சிவப்பு வித்துத்தூளும் ஒரு சான்று. கைப்பேசிப் படத்தில் இவை இரண்டும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. படம் வேண்டாம் என்பதல்ல, படம் மட்டும் போதாது என்பதே என் வாதம். திருமலையை உள்ளடக்கிய சேஷாசல மலைகளில் வளரும் தம்பக மரமும் இதற்குத் துணை நிற்கிறது. அது சேர்ந்த குடும்பத்து மரங்களின் வேர்கள் பூஞ்சைகளோடு கூடி வாழ்பவை. அப்படிப்பட்ட காளானைப் பதியும்போது மரத்தின் பெயரை விட்டுவிட்டால் பாதி உண்மை விடுபட்டுப்போகும். குடை மறைந்த பிறகும் அதே இடத்துக்குத் திரும்பிப் போக முடிந்தால்தான், அந்த இனம் பெருகுகிறதா குறைகிறதா என்று அடுத்த தலைமுறையால் சொல்ல முடியும்.

ஜூலை 13

வலுவான ஆட்சேபம் ஒன்று மீதமிருக்கிறது. செம்மரம் கடத்துகிறவர்களால் காயப்பட்ட காடு இந்தச் சேஷாசலக் காடு. இடத்தைச் சொன்னால் கொள்ளைக்கு வழிகாட்டியதாகாதா? இந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. சாப்பிடத் தகுந்த புற்றுக்காளானைப் பண்ணையில் வளர்க்க இன்னும் வழி பிறக்கவில்லை. ஆகவே சந்தைக்கு வருவதெல்லாம் காட்டிலிருந்தும் வயல்வரப்பிலிருந்தும் பறித்ததுதான். ஆனால் பதிவு செய்வது வேறு, பறைசாற்றுவது வேறு. துல்லியமான இடம் உலர்மாதிரிக் காப்பகத்தின் ஏட்டில் இருக்கட்டும். பொதுமக்களுக்கு மலையின் பெயர் மட்டும் போதும். பயந்து எழுதாமலே விட்டால், காட்டுத் தீயோ சாலைப்பணியோ ஒரு புற்றை அழிக்கும்போது அங்கே என்ன இருந்தது என்று வாதாட நம்மிடம் ஒரு வரிகூட இருக்காது. இதுவரை நம் காட்டுப் பாதுகாப்பு மரத்தையும் விலங்கையும் எண்ணியே நடந்திருக்கிறது; பூஞ்சைக்கும் அந்தக் கணக்கில் இடம் வேண்டும். அதற்கு முதல் ஆதாரம் இடப்பதிவுதான்.

இடப்பதிவுக்குக் காளானைப் பறிக்க வேண்டியதில்லை. இதே மலைகளிலுள்ள தலக்கோனா காட்டுப்பகுதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே எதையும் பறிக்கக் கூடாது. பார்ப்பதற்கும் குறித்து வைப்பதற்கும் தடையில்லை. மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போகிறவர்கள் காளானைப் பறிக்காமல், இடத்தையும் நாளையும் அருகிலுள்ள மரத்தையும் எழுதிக்கொண்டு வாருங்கள். பக்கத்துக் கல்லூரியின் தாவரவியல் துறையிடம் சேர்த்துவிடுங்கள்.