முடிந்த வேலைக்கு வராத பணம்

வேலை நடக்கிறவரை ஆலோசகருக்கு 'சார், சார்' என்று மரியாதை. வேலை முடிந்து பில் போய்ச் சேர்ந்ததும் போனைக்கூட எடுப்பதில்லை. இது இப்போது பல வீடுகளில் நடக்கிற கதை.

எங்கள் முசிறித் தெருவில் ஒரு தம்பி, கொரோனா சமயத்தில் சென்னை வேலையை விட்டு ஊருக்கு வந்தவர். வீட்டிலிருந்தே கம்பெனிகளுக்குக் கணக்கு மென்பொருள் அமைத்துக் கொடுக்கிறார். திருச்சியில் ஒரு கம்பெனியோடு 1,20,000 ரூபாய்க்குப் பேச்சு. பாதி வந்தது. மீதி 60,000 எட்டு மாதமாக வரவில்லை. பேசி முடித்த அதிகாரி வேலையை விட்டுப் போய்விட்டார். அடுத்து வந்தவர், "இன்னும் ரெண்டு ரிப்போர்ட் செஞ்சு குடுத்தாத்தான் பணம்" என்கிறார். அது பேச்சிலேயே இல்லாத வேலை.

"விட்டுடலாமா தாத்தா? சண்டை போட்டா வேற யாரும் கூப்பிட மாட்டாங்க" என்றார். கைக்குழந்தை உள்ள வீடு.

நான் அரசாங்கத்தில் பில் பார்த்தே ஓய்வு பெற்றவன். கான்ட்ராக்டர் பில் வந்தால் முதலில் எம்-புக்கைத்தான், அதாவது அளவுப் புத்தகத்தைத்தான், புரட்டுவோம். எவ்வளவு வேலை, யார் அளந்தது, யார் சரிபார்த்தது எல்லாம் அதில் இருக்கும். ஆலோசகருக்கு எம்-புக் கிடையாது. அதனால்தான் பணத்துக்கு முன்னால், வேலை முடிந்ததா இல்லையா என்பதிலேயே தகராறு வருகிறது.

இருக்கிற காகிதத்தையெல்லாம் கொண்டுவரச் சொன்னேன். பழைய அதிகாரி, "எல்லாம் நன்றாக ஓடுகிறது" என்று அனுப்பிய மின்னஞ்சல் கிடைத்தது. அதைவிடப் பெரிய சாட்சி வருமான வரியின் 26ஏஎஸ் படிவத்தில் இருந்தது. மீதி 60,000-க்கும் 10 சதவீதம், 6,000 ரூபாய், தம்பி பெயரில் வரி பிடித்துக் கட்டியிருக்கிறார்கள். தர வேண்டிய தொகை என்று தங்கள் கணக்கில் எழுதாமலா வரி பிடித்தார்கள்?

சட்டமும் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, உத்யம் பதிவு உள்ள சிறு சேவையாளருக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. முறையிட வசதியாக்க மன்றம் உண்டு. முதலில் சமரசம், பிறகு தீர்ப்பு. தம்பி வங்கிக் கடனுக்காக முன்பே உத்யம் பதிவு செய்திருந்தார். பதிவு இல்லாதவர்கள் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். பொதுவாக மூன்று வருஷக் கெடு.

திட்டாமல், கெஞ்சாமல் ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். தேதி, தொகை, மின்னஞ்சல் நகல், 26ஏஎஸ் நகல், கடைசியில் மன்றத்தின் பெயர். பதிவுத் தபாலில் அனுப்பினோம். மூன்றாவது வாரம் 54,000 வந்து சேர்ந்தது. வட்டி வரவில்லை. அந்தக் கம்பெனி மறுபடி அவரைக் கூப்பிடவும் இல்லை. ஆனால் வேறு இரண்டு இடங்களில் வேலை கிடைத்திருக்கிறது.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது ஒரு பழமொழி சொல்லிக் கொடுத்தார்கள்: கணக்கு சுத்தமாக இருந்தால்தான் நட்பு நிலைக்கும். உங்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இந்தத் தொழிலில் இருந்தால், ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் "இது முடிந்தது, சரிதானே?" என்று இரண்டு வரி எழுதி, பதில் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவர்களுக்கு அதுதான் எம்-புக்.