கப்பலுக்கும் வலிக்கும்

'ஃபார்ஸ்கேப்' என்று ஒரு டி.வி. தொடர். நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. 1999-ல் ஆரம்பித்து 2003-ல் நிறுத்திவிட்டார்கள். மொத்தம் 88 எபிசோடுகள். ஆஸ்திரேலியாவில், சிட்னியில் எடுத்தது. என் அக்கா பையன் மொத்தத்தையும் ஹார்டு டிஸ்க்கில் போட்டுக் கொடுத்து, "மாமா, மொதல்ல கொஞ்சம் போரடிக்கும். விட்றாதீங்க" என்றான். விடவில்லை. மூன்று வாரமாக ராத்திரி பதினோரு மணிக்கு மேல் வேறு கேலக்ஸியில் இருக்கிறேன். காலையில் பால்காரர் மணியடித்தால்தான் முத்தியால்பேட்டைக்குத் திரும்புகிறேன்.

கதை இதுதான். ஜான் கிரைட்டன் என்று ஓர் அமெரிக்க விண்வெளி வீரன். ஒரு சோதனை ஓட்டத்தில் புழுத்துளைக்குள் உறிஞ்சப்பட்டு, பிரபஞ்சத்தின் எங்கேயோ ஒரு மூலையில் போய் விழுகிறான். விழுந்த இடத்தில் ஒரு கப்பல் தப்பி ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே இருப்பவர்கள் எல்லாம் கைதிகள். ஒருவன் மனைவியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட போர்வீரன். ஒருத்தி நீலநிறப் பெண் துறவி. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிகிறது, அவள் பெண்ணே இல்லை, தாவரம். இன்னொருவர் ஒரு முழ உயரத்தில் பதவி பறிக்கப்பட்ட மாமன்னர். அறுபதாயிரம் கோடிப் பிரஜைகள் இருந்தார்கள் என்று பீற்றிக்கொள்வார். சாப்பாடு என்றால் மட்டும் முதல் ஆளாக வந்துவிடுவார். துரத்துகிறவர்களுக்குப் பெயர் பீஸ்கீப்பர்கள். அமைதி காப்பவர்கள்! பூமியோ, வேறு கிரகமோ, இந்தப் பெயர் வைக்கும் விஷயத்தில் மட்டும் எல்லா அரசாங்கமும் ஒன்றுதான்.

ஓடிப்போனவர்கள் கப்பலில் சேர்ந்து திரிவது விஞ்ஞானக் கதையில் புதிதில்லை. 1978-லேயே பி.பி.சி. 'பிளேக்ஸ் செவன்' எடுத்துவிட்டது. இங்கே புதுசு என்னவென்றால், இந்தக் கப்பலுக்கு உயிர் இருக்கிறது. பெயர் மோயா. (நமக்கு நீலகிரிப் பக்கம் ஓடும் மோயாறுதான் ஞாபகம் வரும்.) இயந்திரத்துக்கு மூளை வைத்த சமாசாரம் இல்லை. நிஜமாகவே ஒரு பிராணி. திமிங்கலம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் வயிற்றுக்குள்ளேதான் இவர்கள் நடக்கிறார்கள், தூங்குகிறார்கள், சண்டை போடுகிறார்கள். அதற்குப் பசிக்கும், பயம் வரும், முதல் வருடத்திலேயே கர்ப்பமும் ஆகிறது. ஆயுதம் ஒன்றுகூடக் கிடையாது. ஆபத்து வந்தால் தம் கட்டி ஒரு தாவு தாவி மறைந்துவிடும். அவ்வளவுதான் அதனால் முடியும்.

மோயா பேசாது. அதற்காகப் பேசுவதற்கு உள்ளே ஒருவர் இருக்கிறார். நம் மீனவர்கள் தண்டல் என்பார்களே, அந்த வேலை. பெயரே 'பைலட்'தான். நண்டும் ஆமையும் கலந்த மாதிரி பெரிய தலை, நான்கு கைகள். கப்பலின் நரம்போடு நரம்பாகப் பிணைக்கப்பட்டவர். இடத்தைவிட்டு நகர முடியாது. இத்தனைக்கும் அவர் ஒரு பொம்மை. மப்பெட்ஸ் பொம்மைகளைச் செய்த ஜிம் ஹென்சன் கம்பெனியின் தயாரிப்பு. திரைக்குக் கீழே பலர் உட்கார்ந்து ஆட்டியிருக்கிறார்கள். நம் ஊர் பொம்மலாட்டத்தில் அரிச்சந்திரன் சுடுகாட்டில் நிற்கும்போது கயிறு தெரிந்தாலும் பாட்டி மூக்கைச் சிந்துவாள் இல்லையா, அது போலத்தான் இதுவும். இரண்டு எபிசோடுக்குப் பிறகு பொம்மை என்பது மறந்துவிடுகிறது.

ஒன்பதாவது எபிசோடில் எனக்குத் தூக்கம் போயிற்று.

ஒரு விஞ்ஞானி வருகிறான். உங்கள் ஒவ்வொருவரின் ஊருக்கும் வழி காட்டும் வரைபடம் தருகிறேன் என்கிறான். எல்லோருக்கும் நாக்கு ஊறுகிறது. விலை என்ன? பைலட்டின் ஒரு கை. போர்வீரன், துறவி, மன்னர் மூன்று பேரும் போகிறார்கள். கெஞ்சக் கெஞ்ச வெட்டி எடுத்துவிடுகிறார்கள். துறவியும் கூட நிற்கிறாள், கவனியுங்கள். கிரைட்டன் கோபத்தில் கத்தும்போது பைலட் சொல்கிற சமாதானம் இன்னும் மோசம். கப்பலில் இருப்பவர்களுக்குப் பணி செய்வதுதானே எங்கள் குலத்தின் வேலை, பரவாயில்லை என்கிறார். கை மறுபடி முளைக்குமாம். அதனால் வெட்டினால் தப்பில்லையா என்ன?

அந்த வரைபடம் கடைசியில் யாருக்கும் உதவவில்லை.

இதை வேறு ஊரில் உட்கார்ந்து பார்த்திருந்தால் பார்த்துவிட்டுப் படுத்திருப்பேன். புதுச்சேரியில் முடியவில்லை. ஏனென்றால் இந்த ஊரே ஒரு காலத்தில் அப்படிப்பட்ட கப்பல்தான். சுற்றிலும் பிரிட்டிஷ் ராஜ்ஜியம். நடுவில் துண்டு துண்டாகப் பிரெஞ்சு மண். கடலூர்ப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தால் போலீஸ். ஏறிக்கொண்டவர்களைப் பாருங்கள். 1908-ல் ஒரு கவிஞர் வருகிறார், பாரதி. 1910 ஏப்ரல் 4-ம் தேதி 'டூப்ளே' என்ற கப்பலில் கல்கத்தாவிலிருந்து அரவிந்தர் வந்து இறங்குகிறார். அதே வருஷம் லண்டனிலிருந்து மாறுவேடத்தில் தப்பி வந்து சேர்கிறார் வ.வே.சு. ஐயர். துப்பாக்கியும் தெரியும், திருக்குறளை இங்கிலீஷில் பெயர்க்கவும் தெரியும். ஒரு கவிஞர், ஒரு யோகி, ஒரு போர்வீரர். டி.வி.க்காரர்கள்கூட இவ்வளவு பொருத்தமாக ஆள் பிடித்திருக்க மாட்டார்கள்.

இந்த மூன்று பேரைப் பற்றியும் நிறைய எழுதியாயிற்று. சிலை இருக்கிறது, ஆசிரமம் இருக்கிறது, பாரதி குடியிருந்த ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெரு வீடு நினைவில்லமாக இருக்கிறது. எனக்குக் கேள்வி, கப்பலைப் பற்றி. இவர்களைச் சுமந்தவர்களுக்கு என்ன ஆயிற்று?

1911 ஜூனில் மணியாச்சியில் ஆஷ் சுடப்பட்டதும் ஊர் முழுக்கப் பிரிட்டிஷ் ஒற்றர்கள். யார் வீட்டுத் திண்ணையில் யார் உட்கார்ந்து பேசினார்கள் என்பதெல்லாம் குறிப்பெழுதி சென்னைக்குப் போனது. ஐயர் வீட்டுக் கிணற்றில் ராஜத்துரோகக் காகிதங்கள் அடைத்த ஜாடியை யாரோ போட்டு வைத்து மாட்டிவிடப் பார்த்தார்கள். அந்தச் சமயத்தில்தான் ஒரு சட்டம் வந்தது. வெளியாட்கள் இங்கே இருக்க வேண்டுமானால் உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் ஐந்து பேர் நற்சான்று கொடுத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

யோசித்துப் பாருங்கள். கொலை வழக்கு சூடாக நடக்கிறது. இந்த ஆட்கள் மேல் இரண்டு அரசாங்கத்தின் கண்ணும் இருக்கிறது. "இவர் நல்லவர், நான் பொறுப்பு" என்று கையெழுத்துப் போட உங்கள் தெருவில் ஐந்து பேர் கிடைப்பார்களா? என் தெருவில் கேஸ் சிலிண்டர் வாங்கி வைக்கவே யோசிக்கிறார்கள். இந்த ஊரில் கிடைத்தார்கள். அரவிந்தர் வந்த புதிதில் தன் வீட்டு மேல்மாடியைக் கொடுத்த சங்கர செட்டியார் அதில் ஒருவர். கடையும் கப்பல் சரக்கும் கணக்கும் உள்ள மனிதர்களுக்குக் கவிதையால், யோகத்தால் ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. போட்டார்கள். பாரதியின் வீட்டுக்காரரை விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். வாடகை கேட்க வருவாராம். பாட்டைக் கேட்டுவிட்டு, வாடகையைக் கேட்காமல் போய்விடுவாராம். சிரிப்பாகத்தான் இருக்கிறது. அவருக்கும் அந்த மாதம் ஏதாவது செலவு இருந்திருக்குமே, அதை யாரும் எழுதவில்லை.

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. நாங்களும் ஓடி வந்தவர்கள்தான். தேசத்துக்காக இல்லை, கடனுக்காக. எண்பதுகளில் அப்பாவின் சீட்டு வியாபாரம் கவிழ்ந்து, கடலூரிலிருந்து ராத்திரி கடைசி பஸ்ஸில் இரண்டு ட்ரங்குப் பெட்டியோடு புதுச்சேரி வந்தோம். இருபத்திச் சொச்சம் கிலோமீட்டர்தான். அப்பாவுக்கு அது வேறு கேலக்ஸி. அட்வான்ஸ் இல்லாமல் வீடு கொடுத்தது ஓர் ஆயா. புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், இங்கே சொல்தா என்பார்கள். அவர் போனபிறகு பிரெஞ்சு பென்ஷன் இவருக்கு வந்தது. அதனால் எல்லோருக்கும் 'சொல்தா ஆயா'. முற்றம் வைத்த பெரிய வீடு. எங்களோடு சேர்த்து ஏழு குடித்தனம், ஒரு கிணறு.

"எப்போ முடியுதோ அப்போ குடு. புள்ளைங்களுக்கு மொதல்ல சோத்தப் போடு" என்றார் அம்மாவிடம். அம்மா அதை நூறு தடவையாவது எங்களுக்குச் சொல்லியிருப்பாள்.

ஏழு குடித்தனமும் அந்த வீட்டைப் பிராணி என்று நினைத்ததில்லை. அது பாட்டுக்கு நிற்கும் என்றுதான் இருந்தார்கள். மழைக்கு ஒழுகினால், "ஆயா, எங்க ரூம்பு ஒழுவுது." ஆள் வந்து அடைப்பான். கதவு இறங்கினால், "ஆயா, கதவு." தச்சர் வருவார். தேக்கு உத்திரத்தில் கரையான் ஏறியது. ஒவ்வொரு பகுதியாக மாற்றிக்கொண்டே வந்தார். வாடகை மட்டும் ஏறவில்லை. நாங்கள் தலையெடுத்து வேறு வீடு போனோம். நான் வேலைக்குச் சென்னை போனேன். மற்றவர்கள் இருந்தார்கள். ஒரு தடவை ரிப்பேருக்கு ஆளுக்குக் கொஞ்சம் போடுங்கள் என்று ஆயா கேட்டபோது, அது வீட்டுக்காரர் செலவு, சட்டமே அப்படித்தான் என்று ஒரு குடித்தனக்காரர் பேப்பர் கட்டிங் காட்டினாராம். அவர் பையனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டியது ஆயா.

2011 டிசம்பர் 30, 'தானே' புயல். இந்த ஊர்க்காரர்களிடம் தேதி சொன்னாலே போதும். விடிந்து பார்த்தால் மரங்களே இல்லை, மானம் மட்டும் தெரிகிறது. அந்த வீட்டில் ஆறு குடித்தனப் பகுதிக்கும் ஒன்றும் ஆகவில்லை. விழுந்தது ஒரே ஒரு ரூம். ஆயாவின் ரூம். அதன் உத்திரத்தை மட்டும் அவர் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு வைத்திருந்தார்.

பயப்படாதீர்கள், ஆயா சமையலறையில் இருந்தார். அடி படவில்லை. ஆனால் அதற்கப்புறம் அங்கே இருக்கப் பிடிக்காமல் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பார்க்கப் போன அம்மாவிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஓங்க பழைய ரூம்பு நல்லா இருக்குதில்ல?" நாங்கள் அந்த ரூமைக் காலி செய்து பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. அம்மா திரும்பி வரும்போது ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த இரண்டு வருஷத்தில் ஆயா போய்விட்டார். வீடும் கைமாறிவிட்டது.

ஆகவே பைலட்டின் கையை வெட்டிய எபிசோடைப் பார்த்து நான் ராத்திரி இரண்டு மணிக்கு மொட்டை மாடியில் நின்றது கதையின் திறமையால் மட்டும் இல்லை. தொடரை எழுதியவர்கள் ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். அடைக்கலம் தேடி வருகிறவனுக்குத் தன் கதை பெரிது. அவன் பட்ட அடி, அவன் போக வேண்டிய ஊர். கால் வைத்திருக்கிற தரைக்கும் ஒரு கதை இருக்கும் என்று தோன்றவே அவனுக்கு நேரம் இல்லை. அவன் கெட்டவனும் இல்லை. அந்தப் போர்வீரனுக்கு ஊரில் ஒரு சின்னப் பையன் இருக்கிறான், அவனைப் பார்க்கத்தான் அந்த வெட்டு. எபிசோடின் முடிவில் அவன் தானே செய்த தந்தி வாத்தியத்தைக் கொண்டுவந்து பைலட் எதிரில் உட்கார்ந்து வாசிக்கிறான். முளைத்துக்கொண்டிருக்கும் கை பக்கத்தில் தெரிகிறது. எனக்கு அந்த வாசிப்பு போதவில்லை. உங்களுக்குப் போதலாம்.

தொடர் இதோடு நின்றிருந்தால் வெறும் பரிதாபக் கதை ஆகியிருக்கும். போகப்போக மோயா தன் இஷ்டத்துக்குத் திரும்ப ஆரம்பிக்கிறது. பிள்ளைக்கு ஆபத்து என்றால் உள்ளே இருப்பவர்கள் கத்தினாலும் கேட்பதில்லை. பைலட் முறைக்கிறார், மறுக்கிறார். "இதைக் கப்பலிடம் கேட்டீர்களா?" என்பது மெல்ல மெல்ல அங்கே சாதாரணக் கேள்வி ஆகிறது. எனக்குப் பிடித்தது அதுதான். சண்டைக் காட்சிகள் சுமார். சில முகமூடிகள் ரப்பர் என்று அப்பட்டமாகத் தெரியும்.

2002-ல் அடுத்த வருடம் கிடையாது என்று சானல் அறிவித்துவிட்டது. கதை நட்டாற்றில். 2003 மார்ச்சில் வந்த கடைசி எபிசோடில் நாயகனும் நாயகியும் நொறுங்கி விழ, 'தொடரும்' என்று போட்டு முடித்தார்கள். என்ன அநியாயம்! ரசிகர்கள் விடவில்லை. கடிதம், பிரசாரம் என்று உயிரை எடுத்து, 2004 அக்டோபரில் இரண்டு பாகமாக ஒரு முடிவை வாங்கிவிட்டார்கள். பார்க்கிறவர்களும் தாங்கள் ஏறிய கப்பலுக்கு ஏதோ செய்தார்கள்.

நேரமில்லாதவர்களுக்கு ஒரு யோசனை. முதல் வருஷத்தில் ஒன்பதாவது எபிசோடைப் பாருங்கள். அதன்பின் இரண்டாம் வருஷத்தில் ஐந்தாவது. இதற்கு முன்னால் மோயாவுக்கு வேறொரு பைலட் இருந்தாள், அவளைச் சுட்டுக் கொன்ற சிப்பாய்களில் இப்போது கப்பலில் இருக்கும் நாயகியும் ஒருத்தி என்று தெரிகிற இடம் அது. பைலட் கொதிக்கிறார், இவளை இறக்கிவிடு என்கிறார். பிறகுதான் அவர் எதற்கு அவ்வளவு கொதித்தார் என்பது வெளியே வருகிறது. நட்சத்திரங்களைப் பார்க்கும் ஆசையில், ஒருத்தி செத்தால்தான் கிடைக்கும் இடத்துக்கு அவரே சம்மதித்து வந்தவர். கப்பலுக்குள் அடைக்கலமாக வந்தவர்களில் அவரும் ஒருவர்!

அந்த எபிசோடை அம்மாவுக்கும் போட்டுக் காட்டினேன். பாஷை புரியாது. பைலட்டைப் பார்த்து, "யாருடா இது, பாவம், ராத்திரியெல்லாம் முழிச்சிருக்குமா?" என்றாள். ஆமாம் என்றேன். "யாராச்சும் சாப்பாடு குடுக்கிறாங்களா?" என்றாள்.

88 எபிசோடில் அதை மட்டும் நான் இன்னும் பார்க்கவில்லை. மீதி பாக்கி இருக்கிறது, பார்க்கிறேன்.