ஒரு வகுப்பு, ரெண்டு மேம்

என் பொண்ணு ரெண்டாங்கிளாஸ் படிக்கிறா. இந்த வருஷம் ஜூன்ல ஸ்கூல் திறந்த கையோட ஒரு சர்க்குலர் வந்தது. அவ வகுப்புக்கு இனிமே ஒரு கிளாஸ் டீச்சர் இல்லையாம், ரெண்டு பேராம். ஒருத்தர் திங்கள், செவ்வாய், அப்புறம் புதன் மதியம் 12 மணி வரைக்கும். இன்னொருத்தர் புதன் காலை 10 மணிக்கு வந்து வெள்ளி வரைக்கும். புதன்கிழமை அந்த ரெண்டு மணி நேரம் மட்டும் ரெண்டு பேரும் வகுப்புல இருப்பாங்க. சம்பளம் பாதிப் பாதி.

காரணம் ரொம்ப சாதாரணமானது. முதல் மேம் பிரசவ லீவு முடிஞ்சு வந்திருக்காங்க, கைக்குழந்தை. ரெண்டாவது மேம் வீட்டுல மாமனார் படுத்த படுக்கை. ரெண்டு பேருமே வேலையை விடறதா எழுதிக் குடுத்துட்டாங்க. ரெண்டு நல்ல டீச்சரையும் விட மனசில்லாம பிரின்சிபால் கண்டுபிடிச்ச வழி இது. (ஸ்கூல் பேரை எழுத மாட்டேன். அடுத்த வருஷமும் பொண்ணு அங்கதான் படிக்கணும் :-))

அவ்வளவுதான், வாட்ஸப் குரூப் பத்திக்கிச்சு. ஜூன் ரெண்டாவது சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். 2015 செப்டம்பர்லேர்ந்து ரெண்டாவது, நாலாவது சனி எங்களுக்கு லீவுங்கறதால நானும் போனேன்.

ஐ.டி. கம்பெனியில மேனேஜரா இருக்கற ஒரு அப்பா எழுந்து, "ஏதாவது பிரச்சினைன்னா நாங்க யாரைக் கேக்கறது? அந்த மேமைக் கேளுங்கன்னு இவங்களும், இவங்களைக் கேளுங்கன்னு அவங்களும் சொன்னா?"ன்னார். ஃபீஸ் முழுசா கட்டறோம், பாதி டீச்சர் எதுக்குன்னு ஒரு அம்மா. ரெண்டு பாதி சேர்ந்தா ஒண்ணுதானேன்னு பிரின்சிபால் சொன்னதை யாரும் ரசிக்கலை. கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர் என் காதுல, "வீட்டுல ரெண்டு மாமியார் இருந்தா மருமக கதி என்னங்க?"ன்னார். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, ஆனா கேள்வி நியாயமானதுதான். ஒரு மேம் வீட்டுப்பாடத்தைப் பென்சில்ல எழுதச் சொல்வாங்க, இன்னொருத்தர் பேனாம்பாங்க. ஒருத்தர் கழித்தலுக்குக் கடன் வாங்கச் சொல்லித் தருவார், இன்னொருத்தர் எண்களை உடைச்சுப் போடச் சொல்வார். ஏழு வயசுக் குழந்தை என்ன பண்ணும்?

இத்தனைக்கும் கன்னடத்துக்குத் தனி மேம், பாட்டுக்குத் தனி, பி.டி.க்குத் தனி. அதுல யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. கிளாஸ் டீச்சர்னா மட்டும் நமக்கு ஒரே ஆளா இருக்கணும்.

கடைசி வரிசையில ஒரு அம்மா கூட்டம் முடியற நேரத்துல மெதுவா ஒண்ணு கேட்டாங்க. அவங்க பையனுக்குத் திக்குவாய். போன வருஷ மேம் அவனைத் திடீர்னு எழுப்பி வாசிக்கச் சொல்ல மாட்டாங்க. முந்தின நாளே எந்தப் பத்தின்னு சொல்லி அனுப்புவாங்க, வீட்டுல பழகிட்டு வருவான். "இது எந்த ரிப்போர்ட் கார்டுலயும் இல்ல சார். அந்த மேம் மனசுலதான் இருந்தது. இப்ப இதை யார் மனசுல வைப்பாங்க?" ஹால் கொஞ்ச நேரம் அமைதியாயிடுச்சு.

எனக்கு அது சுருக்குன்னு பட்டதுக்குக் காரணம் இருக்கு. போன வருஷம் என் பொண்ணு போர்டைப் பார்க்காம பக்கத்துப் பிள்ளை நோட்டைப் பார்த்து எழுதிட்டிருந்தா. சோம்பேறித்தனம்னு நாங்க வீட்டுல திட்டிட்டிருந்தோம். அவ மேம்தான் கூப்பிட்டு, "கண்ணைச் சுருக்கிப் பார்க்கறா, ஒரு தடவை டெஸ்ட் பண்ணுங்க"ன்னாங்க. ரெண்டு கண்ணுக்கும் கண்ணாடி. தினமும், வாரம் அஞ்சு நாள் பார்த்ததால அவங்க கண்ணுல அது பட்டது. திங்கள், செவ்வாய் மட்டும் பார்க்கறவங்களுக்குப் படுமா?

இனி கொஞ்சம் என் தொழில் புத்தி. பாங்க்ல பணப் பெட்டகத்துக்கு ரெண்டு சாவி. ரெண்டு பேர்கிட்ட இருக்கும். ஒருத்தர் மட்டும் திறக்க முடியாது. பெரிய தொகை எதுவானாலும் ஒருத்தர் பதிவு பண்ணணும், இன்னொருத்தர் சரிபார்த்து விடணும். வெளியிலேர்ந்து பார்த்தா ரொம்பப் பத்திரம். உள்ள இருக்கறவங்களுக்குத்தான் தெரியும் அதோட ஓட்டை. பதிவு பண்றவர், மேல இருக்கறவர் பார்த்துப்பார்னு விடுவார். மேல இருக்கறவர், கீழ பார்த்துத்தானே அனுப்பியிருப்பாங்கன்னு தட்டி விடுவார். ரெண்டு கையெழுத்து இருக்குங்கறதால ரெண்டு பேரும் பார்த்தாங்கன்னு அர்த்தமில்லை. சில சமயம் ஒருத்தருமே பார்க்கலைன்னு அர்த்தம். அந்தத் திக்குவாய்ப் பையனைப் பத்தின பயமும் இதேதான்.

ஆனா பாங்க்ல இதுக்கு ஒரு பழைய மருந்தும் இருக்கு. மாற்றலாகிப் போகும்போது சார்ஜ் ஒப்படைக்கணும். சாவி, ரொக்கம், செக் புத்தகம், நிலுவையில இருக்கற கடிதம் எல்லாத்தையும் எண்ணி, எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நாற்காலி மாறும். டீச்சர்கள் விஷயத்துல வாரா வாரம் புதன்கிழமை சார்ஜ் ஒப்படைக்கணும், அவ்வளவுதானே? அன்னிக்குக் கூட்டத்துல நான் இதைச் சொன்னேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் வெச்சு ஒரு நோட்டு, புதன்கிழமை ரெண்டு பேரும் உட்கார்ந்து எழுதட்டும், அந்தத் திக்குவாய் விஷயம் முதல் பக்கத்துல இருக்கட்டும்னேன். பிரின்சிபால் குறிச்சுக்கிட்டார். அந்த ஐ.டி. அப்பா, "சார், பிள்ளைங்களும் ரொக்கமும் ஒண்ணா?"ன்னார். ரொக்கத்தையே இவ்வளவு கவனமா ஒப்படைக்கறோமேன்னுதான் சொல்ல வந்தேன், அதுக்குள்ள டீ வந்துடுச்சு.

வீட்டுக்கு வந்து வேலைக்கு வர்ற அக்காகிட்ட என் மனைவி இதைச் சொல்லிட்டிருந்தா. அவங்க கிருஷ்ணகிரிப் பக்கம். பேரன் இங்க கவர்மெண்ட் ஸ்கூல்ல நலி-கலி வகுப்பு. "ஏம்மா, ரெண்டு டீச்சர் குடுத்தா வேணாம்னா சொல்றாங்க? எங்க பையனுக்கு மூணு கிளாஸுக்கும் சேர்த்து ஒரே மிஸ்ஸும்மா"ன்னாங்க.

உண்மைதான். நலி-கலின்னா கன்னடத்துல ஆடிப்பாடிக் கற்றுக்கொள்ங்கற மாதிரி. 1995-ல மைசூர் மாவட்டம் ஹெக்கடதேவன கோட்டையில யுனிசெஃப் உதவியோட ஆரம்பிச்சது, பிறகு கர்நாடகா முழுக்கப் பரவிச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில குழுக்குழுவா உட்கார்ந்து, அட்டைகளை எடுத்து, ஏணியில ஏற்ற மாதிரி படிப்படியா அவங்க வேகத்துல போவாங்க. இதோட வேர் ஆந்திராவுல மதனப்பள்ளி பக்கத்துல இருக்கற ரிஷிவேலி. நம்ம சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல 2003-ல வந்த செயல்வழிக் கற்றலும் அதே குடும்பம்தான். முறை நல்ல முறை. ஆனா ஆள் ஒருத்தர்தான்.

நானே ஈராசிரியர் பள்ளியில படிச்சவன்தான். தஞ்சாவூர் பக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளி, ஒரே நீள ஹால். இந்தப் பக்கம் டீச்சர், ஒண்ணும் ரெண்டும். அந்தப் பக்கம் சார், மூணுலேர்ந்து அஞ்சு. நடுவுல ஒரு மூங்கில் தட்டி. டீச்சர் "ஆனா ஆவன்னா" சொல்லும்போது அந்தப் பக்கம் பதினாறாம் வாய்ப்பாடு ஓடும். டீச்சர் லீவுன்னா தட்டியை நகர்த்திட்டா போதும், பள்ளிக்கூடம் நடக்கும். அதுக்கு முன்னாடி ஓராசிரியர் பள்ளியா இருந்தப்ப சாருக்குக் காய்ச்சல்னா ஊருக்கே லீவாம். 1987-ல வந்த கரும்பலகைத் திட்டமே இதுக்குத்தான். ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைஞ்சது ரெண்டு அறை, ரெண்டு ஆசிரியர், முடிஞ்சா அதுல ஒருத்தர் பெண். 2009 கல்வி உரிமைச் சட்டத்துலயும் அஞ்சாவது வரைக்கும் 60 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ரெண்டு ஆசிரியர்னுதான் இருக்கு.

ரெண்டாவது ஆளால படிப்பு ஏறுதாங்கறதையும் ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. 1990களின் பிற்பகுதியில ராஜஸ்தான் உதய்ப்பூர் பக்கம் சேவா மந்திர்ங்கற அமைப்பு, தன்னோட ஓராசிரியர் மையங்கள்ல சிலதுக்கு மட்டும் இன்னொரு ஆசிரியரை, முடிஞ்ச இடத்துல பெண்ணை, போட்டது. பள்ளி மூடிக் கிடக்கற நாள் குறைஞ்சது, பெண் பிள்ளைகள் அதிகமா வந்தாங்க. மார்க் மட்டும் பெருசா மாறலை. அதே நேரம் மும்பையிலயும் வடோதராவிலயும் 2001-லேர்ந்து 2003 வரை பிரதம் அமைப்போட பால்சகி திட்டத்துல, பின்தங்கின இருபது பிள்ளைகள் அளவுக்கு வகுப்புலேர்ந்து தனியா அழைச்சுட்டுப் போய், தினம் ரெண்டு மணி நேரம் அந்தப் பகுதிப் பெண் ஒருத்தர் அடிப்படை சொல்லிக் குடுத்தாங்க. அங்க மார்க் ஏறிச்சு, அதுவும் கீழ இருந்த பிள்ளைகளுக்குத்தான் அதிகமா. நான் இதுலேர்ந்து எடுத்துக்கறது, ரெண்டாவது ஆள் வந்தா மட்டும் போதாது, அவர் என்ன பண்றார்ங்கறதுதான் கணக்கு. எங்க ஸ்கூல்ல நடக்கறது இது ரெண்டுமே இல்லைங்கறதும் தெரியும். இங்க ஆள் கூடலை, ஒரே வேலையை ரெண்டாப் பிரிச்சிருக்காங்க. இங்கிலாந்துல தொடக்கப் பள்ளிகள்ல இது பழகிப்போன ஏற்பாடு. நம்ம ஊர்ல மகப்பேறு விடுப்பு 2017-ல 12 வாரத்துலேர்ந்து 26 வாரமாச்சு, நல்லது. ஆனா 27-வது வாரம் குழந்தை என்ன தானா எழுந்து நடக்கப் போகுதா?

இந்த இடத்துல என் மனைவி பேச்சு. எங்க பையன் பிறந்தது 2014. அப்ப அவ சென்னையில ஒரு ஸ்கூல்ல கணக்கு டீச்சர். 12 வாரம் முடிஞ்சதும் வா, இல்லைன்னா எழுதிக் குடுன்னாங்க. எழுதிக் குடுத்தா. அப்புறம் என் டிரான்ஸ்ஃபர், பெங்களூர், பொண்ணு. திரும்பப் போகவே இல்லை. கூட்டத்துல யார் யார் என்ன சொன்னாங்கன்னு நான் ஒப்பிச்சதையெல்லாம் கேட்டுட்டு, தோசையைத் திருப்பிப் போட்டுக்கிட்டே, "அன்னிக்கு யாராவது எனக்குத் திங்கள், செவ்வாய் மட்டும் வான்னு சொல்லியிருந்தா போயிருப்பேன்"ன்னா. வேற ஒண்ணும் சொல்லலை.

இப்ப ஆகஸ்ட் முடியப் போகுது. நோட்டு வந்துடுச்சு. ஸ்கூலுக்குப் போனா நம்ம பிள்ளை பக்கத்தைப் பார்க்கலாம். என் பொண்ணு பக்கத்துல, "முதல் வரிசை. கண்ணாடி துடைச்சிருக்கான்னு பாருங்க"ன்னு ஒரு கையெழுத்து. கீழ இன்னொரு கையெழுத்துல, "வியாழன் கண்ணாடியே கொண்டு வரலை." (அன்னிக்கு அது ஸ்கூட்டர் டிக்கியில இருந்தது.) குறையும் இருக்கு. ஜூலையில ஒரு கணக்குப் பாடத்தை ரெண்டு பேரும் நடத்தினாங்க, ஒரு ஆங்கிலப் பாடத்தை ரெண்டு பேருமே விட்டுட்டாங்க. பொண்ணுகிட்ட எந்த மேம் பிடிக்கும்னு கேட்டேன். "திங்கக்கிழமை மேம் கதை சொல்வாங்க, வெள்ளிக்கிழமை மேம் திட்ட மாட்டாங்க"ன்னா.

அந்த ஐ.டி. அப்பா விடறதா இல்லை. பழையபடி ஒரே டீச்சர் வேணும்னு கையெழுத்து வாங்கிட்டு வீடு வீடா வர்றார். நேத்து எங்க வீட்டுக்கும் வந்தார். அந்தத் திக்குவாய்ப் பையனோட அம்மா போட்டாங்களான்னு கேட்டேன். "தசரா வரைக்கும் பார்க்கறேன்னுட்டாங்க"ன்னார். நானும் தசரா வரைக்கும் பார்க்கறேன்னு சொல்லி, காபி குடுத்து அனுப்பிட்டேன்.

லண்டன்லயும் சிட்னியிலயும் இருக்கறவங்களுக்கு ஒரு கேள்வி. உங்க பிள்ளைகளுக்கு இப்படி ரெண்டு டீச்சர் இருந்தா, பாதி வாரத்துல மாறும்போது யார் யார்கிட்ட என்ன சொல்லிட்டுப் போறாங்க? நோட்டா, பேச்சா, இல்லை பிள்ளைதான் எல்லாத்தையும் சுமந்துட்டுப் போகுதா? தெரிஞ்சவங்க எழுதுங்க, தசராவுக்கு முன்னாடி பிரின்சிபால்கிட்ட சொல்லணும்.