மஞ்சள் கோட்டைக்கு நாலு கட்டை பாக்கி

டென்மார்க்கில் பில்லுண்ட் ஒரு சிற்றூர். 1932-ல் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் பிழைப்புக்காக மரப் பொம்மை செய்ய ஆரம்பித்த இடம். இன்று அங்கே விமான நிலையமே இருக்கிறது. உபயம்: லெகோ.

2017-ல் திறந்த லெகோ ஹவுஸின் நடுவில் 15 மீட்டர் உயர மரம். 63 லட்சம் கட்டைகளுக்கு மேல் செருகிச் செய்தது. குழந்தைகள் அண்ணாந்து பார்க்கிறார்கள். நரைத்த தலைகளோ பழைய செட்டுகளைத் தேடி அடித்தளத்துக்கு இறங்குகின்றன.

என் தேடல் 1978-ல் வந்த மஞ்சள் கோட்டை. குறையுள்ள பழைய செட் ஒன்றை வாங்கி, மூன்று ஆண்டுகளாக உதிரி சேர்த்து வீட்டில் கட்டி வருகிறேன். 1958-ன் கட்டையோடு இன்றைய கட்டையும் கச்சிதமாகப் பொருந்தும். சிக்கல் நிறத்தில்தான். வெயிலில் மங்கிய மஞ்சளுக்குப் பக்கத்தில் புதியது பளீரென்று காட்டிக்கொடுத்துவிடும். பொருந்தினால் போதாதா என்கிறாள் மனைவி. நியாயமான கேள்விதான். ஆனால் பழசைத் திரும்பக் கட்டுகிறவனுக்கு அந்தக் காலத்துக் கட்டையே வேண்டும்.

வெளியே வரும் வழியில் கடை. புத்தம் புது மஞ்சள் கட்டைகள். கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். கோட்டைக்கு இன்னும் நாலு கட்டை பாக்கி.