கட்டிலைத் திருப்பிய நாள்

தரங்கம்பாடியில் மின்கம்பிகள் இப்போது வெறுமையாக இருக்கும். ஐப்பசியில் வந்து வரிசையாக உட்கார்ந்த தகைவிலான்கள் பங்குனி வெயில் ஏறியதும் வடக்கே கிளம்பிவிடும். லண்டனுக்குத் தெற்கே நான் இருக்கிற இந்த ஊருக்கு அவை இப்போதுதான் வருகின்றன. அதே இனக் குருவிதான். கருநீல முதுகு, செங்கல் நிறத் தொண்டை, கவைக்கோல் போல வால். ஆனால் இங்கே வருபவை தென்னாப்பிரிக்காவிலிருந்து ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் பறந்து வருபவை. ஒன்றின் எடை 20 கிராம்தான் இருக்கும். தரையில் இறங்குவது அபூர்வம் என்பதால் தரையில்லாக் குருவி என்றும் பெயர்.

நான் ஹாஸ்பிஸ் நர்ஸ். "சாகக் கிடக்கிறவங்களப் பாத்துக்கிற ஆஸ்பத்திரி" என்று அம்மா ஊரில் சொல்லிக்கொள்கிறாள். அது சரிதான். ஆனால் என் பொழுது பெரும்பாலும் சாவோடு போவதில்லை. வலி, மார்பின் என்ற வலிமருந்து தருகிற மலச்சிக்கல், உலர்ந்துபோன வாய், புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் புண்ணாகிவிடும் முதுகு, இவற்றோடுதான் போகிறது.

இந்தப் பங்குனியில் என் பொறுப்பில் ஒரு பெரியவர் இருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். காலையில் நான் உள்ளே நுழைந்ததும் முதல் கேள்வி, "வந்துட்டாங்களா?" மகனையோ மகளையோ கேட்கவில்லை, தோட்டத்துக்கு அப்பாலிருக்கும் பழைய குதிரை லாயத்தில் ஆண்டுதோறும் கூடு கட்டும் தகைவிலான்களைத்தான் கேட்பார். அவர் கட்டிலோ கதவைப் பார்த்துக் கிடந்தது. தலைமாட்டுச் சுவரில் ஆக்சிஜன் குழாய் இருந்ததால் அப்படித்தான் போட்டிருந்தார்கள். ஒரு மதியம் நானும் இன்னொரு நர்ஸும் நீளமான குழாயாகத் தேடி மாட்டி, சக்கரப் பூட்டை விடுவித்து, கட்டிலை அப்படியே திருப்பினோம். ஜன்னல் முழுசாக அவர் முகத்துக்கு நேரே வந்தது. அன்று ராபின் ஒன்றும் புறா இரண்டும்தான் இருந்தன. அவருக்கு அதுவே போதுமாயிருந்தது.

ஜன்னல் என்றதும் ஹாஸ்பிஸ் ஊழியர்கள் எல்லோருக்கும் ஒருவர் நினைவுக்கு வருவார். டேவிட் டாஸ்மா, வார்சாவிலிருந்து வந்த யூதர். லண்டனில் ஹோட்டலில் பரிமாறுகிற வேலை. 1948-இல் நாற்பது வயதில் புற்றுநோயில் இறந்துகொண்டிருந்தார்; சொந்தபந்தம் யாரும் பக்கத்தில் இல்லை. பார்க்க வந்துகொண்டிருந்தவர் சிசிலி சாண்டர்ஸ். நர்ஸாக இருந்து, முதுகுவலியால் அதை விட்டு மருத்துவமனைச் சமூகப் பணிக்கு வந்தவர். இப்படிப்பட்டவர்களுக்கென்று ஓர் இல்லம் வேண்டுமென்று இருவரும் பேசிக்கொள்வார்கள். அந்த இல்லத்தில் தான் ஒரு ஜன்னலாக இருப்பதாகச் சொல்லி டாஸ்மா 500 பவுண்டை எழுதிவைத்துவிட்டுப் போனார். சாண்டர்ஸ் அதன்பிறகு மருத்துவம் படித்து 1957-இல் டாக்டரானார். அந்த ஜன்னலைச் சுற்றி வீடு எழும்ப 19 வருஷம் ஆயிற்று. 1967-இல் சிடனாமில் செயிண்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் திறந்தது. வலியில் துடித்துக் கேட்டபிறகு ஊசி என்பதை மாற்றி, வலி தலைதூக்குமுன்பே மணி பார்த்து மார்பின் கொடுப்பதை அங்கே நடைமுறையாக்கினார்கள். பறவைகள் வந்திறங்கும் நம் கோடியக்கரை சரணாலயமானதும் அதே 1967-இல்தான். எனக்கு இந்த இரண்டும் மனசில் ஒட்டிக்கொண்டே வருகின்றன.

ஏனென்றால் பார்ப்பதற்கு முதலில் வலி அடங்க வேண்டும். இதை நான் வேலையில் கற்கவில்லை, வீட்டுத் திண்ணையில் கற்றேன்.

அப்பாவுக்கு வாய்ப் புற்று. 2009 கார்த்திகையில் திண்ணையில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். எதிர்க் கம்பியில் நூறு தகைவிலானாவது இருக்கும். "அப்பா, அங்க பாருங்க" என்றேன். என்னைத் தோளில் தூக்கிவைத்து அந்தக் குருவிகளை எண்ணச் சொல்லிக் கொடுத்தவர், சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாங்கள் ஏறி இறங்கிய மருத்துவமனைகளில் மார்பின் மாத்திரை இல்லை. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கீழ் அதை வாங்கி வைக்கப் பல உரிமங்கள் வேண்டியிருந்தன. மருந்து விலை குறைந்ததுதான்; தாளும் முத்திரையும்தான் கிடைக்கவில்லை. 2014-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி உரிம நடைமுறையை எளிதாக்கினார்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய் ஆதரவு சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. போன விடுமுறையில் எங்கள் தெருவில் அந்தச் செவிலியர் பையோடு படியேறுவதைப் பார்த்தபோது, கும்பிட வேண்டும் போலிருந்தது. அவர் பையில் மார்பினும் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. புண்ணைச் சுத்தம் செய்வது மட்டும் போதாது.

பஸ் ஓட்டிய பெரியவர் சென்ற வியாழக்கிழமை போனார். மருந்து சிரிஞ்ச் பம்பில் இருபத்துநாலு மணி நேரமும் சொட்டிக்கொண்டிருந்தது. நெற்றியில் ஒரு சுருக்கம்கூட இல்லை. கண் மூடியே இருந்தது. ஸ்பாஞ்சைத் தண்ணீரில் தோய்த்து அவர் உதட்டை நனைத்தபடி ஜன்னலைப் பார்த்தேன். லாயத்துக் கம்பியில் ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது.

காது கடைசிவரை கேட்கலாம் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் சொன்னேன். "வந்துட்டாங்க. ஒண்ணு. இப்போ ரெண்டு. அதோ, மூணாவது." எட்டு வரை எண்ணியபிறகுதான், அவ்வளவு நேரமும் தமிழில் எண்ணிக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது.